பக்கவாட்டு வெளிச்சம்

சாட்ஸ்வர்த் சென்டரில் இரண்டாம் மாடி.
சிம் கார்டு கடைக்கும் சாவி வெட்டுகிறவனுக்கும் நடுவே
பாஸ்போர்ட் படம் எடுப்பது என் பிழைப்பு.
நேராக வரும் ஒளி இரக்கமுள்ளது,
மேடும் பள்ளமும் அதற்கு ஒரே மாவு.
விளக்கைக் காதுப் பக்கம் நகர்த்திப் பாருங்கள்,
குழிக்கொரு நிழல் முளைக்கும்.
பதினெட்டு வருஷமாக டாக்ஸியில்
சன்னலோரம் நான் உட்கார்ந்ததில்லை.

கல்யாணப் படங்களில்
பெண்ணின் கன்னத்தை ஒரு சொடுக்கில் மூடுவேன்.
பக்கத்துத் தோலைக் கிள்ளிப் பள்ளத்தில் ஒட்டும் கருவி.
முப்பது ராண்ட் கூடுதல்.

ஓவர்போர்ட்டில் டாக்டர் ம்த்தெம்பு
முதல் காரியமாக மேல்விளக்கை அணைத்தார்.
மேசை விளக்கைத் தூக்கி
என் இடது காதருகே பிடித்தார்.
தொழில் தெரிந்தவர் என்று நினைத்தேன்.
எழுந்து ஓடலாமா என்றும் நினைத்தேன்.

குறுகி ஆழ்ந்தவை சில, ஊசி இறங்கின மாதிரி.
செங்குத்து ஓரத்தோடு பெட்டி போல இரண்டு.
தாடைக்கு மேலே மூன்று, அலை.
ஒரு முகத்துக்கு ஒரு மருந்து என்பது
விளம்பரத்தில் மட்டும், என்றார்.

ஊசிக்குழிக்கு அமிலம்:
சீவிய பல்குச்சி முனையில் ஒரு சொட்டு, அடியில் மட்டும்.
நுண்ணூசி என்றால் மாதம் ஒரு தடவை, நாலு மாதம், ஆறு மாதம்.
உள்ளே நிரப்புவதும் உண்டு,
வாடகை வீடு மாதிரி, காலம் முடிந்தால் மறுபடி கட்டணும்.
லேசர் என்ற இடத்தில் நிறுத்தி
தன் புறங்கையை என் புறங்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.
"நம் நிறத்துக்கு அதைப் பார்த்துத்தான் வைக்கணும்.
பள்ளம் தூரும், கரி தங்கிப்போகலாம்."
கையேட்டில் இருந்த முகங்களைப் பார்த்தேன்.
எல்லாம் பீச் பழம்.

மெடிக்கல் எய்டுக்காரி போனில் சொன்னாள்:
அது அழகு சம்பந்தப்பட்டது, மேடம்.
இல்லை, டாக்ஸி சம்பந்தப்பட்டது என்றேன்.
ஒரு பாட்டைப் போட்டுக் காக்க வைத்தாள்.

என் தம்பி பூபேந்திரன் வருஷா வருஷம்
தைப்பூசத்துக்குக் கன்னத்தில் வேல் குத்திக்கொள்கிறான்.
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்.
உருவி, ஒரு சிட்டிகை விபூதி. அவ்வளவுதான்.
திங்கட்கிழமை வழவழவென்று வேலைக்குப் போவான்.
என்னை யாரும் குத்தவில்லை,
பதினாலு வயதில் தானாக வெடித்ததுதான் எல்லாம்.
முருகனிடம் இதற்குக் கணக்குக் கேட்டிருக்கிறேன்.
அவருடைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இந்த மூன்று அலைக்கும் மேலே எதைப் பூசினாலும் வீண்.
அடியில் ஒரு நார் பிடித்து இழுக்கிறது.
ஊசியை உள்ளே விட்டு அதை அறுத்தால்
தோல் தானாக எழும்பும்."
எவ்வளவு எழும்பும்?
"பாதி. சிலருக்குக் கூட.
முழுசாகப் போய்விடும் என்று எவராவது சொன்னால்
காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்."

சமையலறைத் தரைக்கு ஓடு போட வைத்திருந்த பணம்.
தரை இருக்கட்டும்.

மரத்த கன்னத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது,
கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவுகிற சத்தம்.
வலிக்கவில்லை, ஆனால் கேட்டது.
அதை யாரும் சொல்லிவைக்கவில்லை.

பத்து நாள் கத்தரிக்காய் நிறம்.
அடையாள அட்டைக்கு வந்த மிஸஸ் பாவாடை
குரலைத் தாழ்த்தி, யார் அடித்தது கண்ணு என்றாள்.
நான்தான், காசு கொடுத்து, என்றேன்.
சிரிக்காதே ஆன்ட்டி, அட்டைக்கு ஆகாது.

ஆறாவது வாரம் கடையை மூடிவிட்டு
விளக்கைக் காதருகே வைத்து என்னை எடுத்தேன்.
மூன்று நிழல் இளைத்திருந்தது.
மற்றவை அப்படியே, பெட்டி இரண்டும் பெட்டியாகவே.
சொடுக்கும் கருவியைத் திறந்தேன்.
மூடினேன்.

மறுநாள் காலை டாக்ஸியில் சன்னலோரம் காலி.
கடல் பக்கத்து வெயில் சரிந்து வந்துகொண்டிருந்தது.
உள்ளே தள்ளித்தான் உட்கார்ந்தேன்.
மூன்று மாதம் வெயில் படக்கூடாதாம்,
டாக்டர் சொன்னது.